பொங்கற் பானையும் விதைப் பானையும்

தைத் திங்கள் முதல் நாள் தமிழர் இல்லங்களில் பொங்கல் பொங்கும் நாள். முற்றத்தில் ஏற்றிய பானை ஓரிரு நாழிகையில் பொங்கிவிடும். ஆனால், அப்பொங்கலுக்கு வேண்டிய பொருள்களை நிலத்திலிருந்து பெறுவதற்கு ஏறத்தாழ ஓராண்டு உழைக்க வேண்டும். உப்பு, வெல்லம் முதலிய சிலவற்றை மட்டும் வாங்கி, ஏனையவற்றைத் தன் வயலிலும் கொல்லையிலும் விளைத்துக்கொள்ளும் உழவர் குடும்பம் இதனை நன்கு அறியும்.

அக்குடும்பத்தின் கணக்கு, தை முதல் நாளிலிருந்து பின்னோக்கிச் செல்கிறது. ஒரு பயிர் முற்றுவதற்கு எத்தனை திங்கள் ஆகுமோ, அத்தனை திங்களுக்கு முன்னரே அதனை மண்ணில் இடவேண்டும். கரும்பு விளைய ஒன்பது திங்களுக்குக் குறையாது. ஆதலால் சித்திரையிலேயே கரணைகளை நடுவர். மஞ்சளையும் கருணைக்கிழங்கையும் வைகாசியில் நடுவர். பறங்கிக்கும் மொச்சைக்கும் உரிய பருவம் ஆடி. சர்க்கரைவள்ளிக் கொடியைப் புரட்டாசியில் நட்டால் போதும். நான்கு திங்களில் கிழங்கு திரண்டுவிடும். இவ்வாறு வெவ்வேறு காலத்தில் புறப்பட்ட பயிர்கள் எல்லாம் ஒரே நாளில் அடுக்களைக்கு வந்து சேர்கின்றன.

இவற்றுள் மொச்சையின் இயல்பு வியப்புக்குரியது. நாட்டு மொச்சை, பகற்பொழுது குறுகும் காலத்திலேதான் பூக்கும். அதனால் ஆடியில் விதைத்த கொடி மழைக்காலம் முழுவதும் தழைத்துப் படர்ந்து, மார்கழிப் பனியில் காய்த்துக் குலுங்குகிறது. தென்மாவட்டங்களில் பனங்கொட்டைகளை மண்ணில் புதைத்து வைப்பர். அவை வேரூன்றிக் கிழங்காகிப் பொங்கலுக்குத் தோண்டி எடுக்கப்படுகின்றன.

பொங்கலுக்குத் தலைமையான பொருள் அரிசி. சம்பா நெல் விளைய 130 முதல் 150 நாள் வரை ஆகும். ஆவணித் தொடக்கத்தில் நாற்று விட்டால்தான் மார்கழி இறுதியில் கதிர் அறுக்கலாம். புத்தரிசி விரைவில் குழைவதால் பொங்கலுக்கு மிகவும் ஏற்றது. பாலுக்கும் நெய்க்கும் தொழுவத்துப் பசு உண்டு. வயலின் வைக்கோல் பசுவுக்கு உணவாகிறது. பசுவின் சாணம் வயலுக்கு எருவாகிறது.

இத்துணைக் கணக்கும் வானம் ஒத்துழைத்தால்தான் நிறைவேறும். 2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் வீசிய ‘தானே’ புயல், கடலூர் மாவட்டத்தில் கரும்பையும் வாழையையும் சாய்த்துவிட்டது. பொங்கலுக்கு அப்போது இரண்டு வாரங்களே இருந்தன. 2016ஆம் ஆண்டில் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017ஆம் ஆண்டு சனவரி 10ஆம் நாள், பொங்கலுக்கு நான்கு நாள் முன்னதாக, தமிழக அரசு எல்லா மாவட்டங்களையும் வறட்சியால் பாதிக்கப்பட்டவை என்று அறிவித்தது. வயல்களில் பயிர் கருகிக் கிடந்தது.

அத்தகைய ஆண்டில் பொங்கற் பானை வெறுமையாக இருந்தாலும் குடும்பம் பொறுத்துக்கொள்ளும். விதைப் பானை வெறுமையானால் அடுத்த ஆண்டும் பாழாகும். பசி வருத்தும்போது விதை நெல்லைக் குத்தி உண்டால் அன்றைய பொழுது கழியும். ஆனால் மழை வரும்போது விதைப்பதற்கு ஒன்றும் இராது. அதனால் விதையைக் காப்பதனை உழவர் ஒரு நெறியாகவே கொண்டனர். விதை நெல்லை நன்கு உலர்த்தி, வைக்கோற்புரியால் கோட்டை கட்டிச் சாணம் மெழுகி வைத்தனர். பயறு வகைகளைச் செம்மண் பூசி உலர்த்தினர். பறங்கி விதையைச் சாம்பலில் புரட்டிப் பானையில் இட்டனர்.

இந்நெறி தளர்ந்தபோது பழைய நெல் வகைகள் பல மறையத் தொடங்கின. அவற்றைத் தேடிச் சேர்த்தவர்களுள் திருத்துறைப்பூண்டிப் பகுதியைச் சேர்ந்த நெல் ஜெயராமன் குறிப்பிடத்தக்கவர். 2018ஆம் ஆண்டு டிசம்பரில் மறைந்த அவர், 170க்கும் மேற்பட்ட வகைகளை மீட்டார். ஆதிரெங்கத்தில் நடந்த நெல் திருவிழாவில் உழவர்க்கு இரண்டு கிலோ விதை நெல் விலையின்றித் தரப்பட்டது. அதனைப் பெற்றவர் மறு ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தரவேண்டும் என்பது ஏற்பாடு. ஒருவர் வயலில் பயிர் அழிந்தாலும் மற்றொருவர் வயலில் அவ்விதை பிழைத்திருக்கும் அன்றோ?

ஆகவே, அறிவுடைய குடும்பம் பறிக்கும்போதே நன்றாக முற்றிய பறங்கியையும், செழித்த மொச்சை நெற்றையும், மணி திரண்ட கதிரையும் விதைக்கென முதலில் ஒதுக்கிவிடுகிறது. எஞ்சியவையே விருந்துக்கு உரியவை. இவ்வாண்டுப் பொங்கல் இனிப்பதற்கு வெல்லம் வேண்டும்; அடுத்த ஆண்டுப் பொங்கல் பொங்குவதற்கு இந்தத் தன்னடக்கம் வேண்டும்.