ஒரே ஓட்டில் நழுவிய வெற்றி

2014 நவம்பர் 18. நியூசிலாந்து லேபர் கட்சியின் புதிய தலைவர் யார் என்று அன்று அறிவித்தார்கள். ஆண்ட்ரூ லிட்டிலுக்கு 50.52 சதவீதம். கிரான்ட் ராபர்ட்சனுக்கு 49.48. ராபர்ட்சன் தலைவர், ஜசிந்தா ஆர்டெர்ன் துணைத் தலைவர் என்ற ஜோடியை மனதார நம்பியிருந்த ஆக்லாந்து தொண்டர்களுக்கு அது பேரிடி.

நம் ஊரில் கட்சித் தலைவர் யார் என்பது பெரும்பாலும் மேலிடத்தில் முடிவாகிவிடும். லேபர் கட்சி 2012-இல் ஆக்லாந்தின் எல்லர்ஸ்லியில் கூடியபோது தலைவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைத் தொண்டர்களுக்கும் பகிர்ந்து கொடுத்தது. எம்.பி.க்களுக்கு 40 சதவீதம், உறுப்பினர்களுக்கு 40, இணைந்த தொழிற்சங்கங்களுக்கு 20. போட்டியாளர்கள் ஊர் ஊராக ஒரே மேடையில் ஏறி ஆதரவு கேட்க வேண்டியிருந்தது. அமெரிக்காவின் உட்கட்சித் தேர்தல்களில் பறக்கும் அனல் இங்கேயும் பறந்தது.

2014-இல் நான்கு பேர் களத்தில் நின்றார்கள். எம்.பி.க்களிடமும் உறுப்பினர்களிடமும் ராபர்ட்சனே முந்தினார். தொழிற்சங்க ஓட்டுகளோ நான்கில் மூன்று பங்கு லிட்டில் பக்கம் சாய்ந்துவிட்டன. கட்சிக்கு அப்போது 32 எம்.பி.க்கள். அவர்களுக்கு உரிய 40 சதவீதத்தைப் பங்கு போட்டால் ஓர் எம்.பி.யின் ஓட்டுக்கு மதிப்பு 1.25 சதவீதம். தோல்வியின் இடைவெளியோ 1.04 தான். ஒரே ஓர் எம்.பி. மனம் மாறியிருந்தால் முடிவே தலைகீழ்! இப்படித் தோற்றவர்களுக்கு இரவில் தூக்கம் வருமா?

ஆர்டெர்னுக்கு அது அடி மேல் அடி. இரண்டு மாதங்களுக்கு முன்புதான், பொதுத்தேர்தலில், ஆக்லாந்து சென்ட்ரல் தொகுதியை 600 ஓட்டில் இழந்திருந்தார். இனி தலைமைக்குப் போட்டியிடப் போவதில்லை என்று ராபர்ட்சனும் சொல்லிவிட்டார். ஆனாலும் இருவரும் கட்சியை விட்டுப் போகவில்லை. தங்களை வென்ற லிட்டிலின் தலைமையிலேயே உழைத்தார்கள். நம்பிக்கை என்றால் இதுதான். சுவரொட்டியில் சிரிக்கும் முகத்தோடு அது முடிந்துவிடுவதில்லை.

அந்தத் தலைவர் தேர்தலின் ஓட்டுச்சீட்டும் ஒரு வகையில் இதையே கேட்டது. பிடித்தவருக்கு 1 என்று எழுதிய கையால் அடுத்தவர்களுக்கு 2, 3 என்றும் எழுதச் சொன்னது. நம்மவர் தோற்றால் யாரோடு சேர்ந்து நடப்பது என்று ஓட்டுப் போடும்போதே யோசிக்க வைக்கும் நல்ல ஏற்பாடு அது.

தமிழர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரத்தில் வேர் கொண்ட கமலா ஹாரிஸ், 2019 டிசம்பரில், முதல் ஓட்டு விழும் முன்பே அமெரிக்க அதிபர் வேட்பாளர் போட்டியிலிருந்து விலகினார். அடுத்த ஆகஸ்டில், அந்தப் போட்டியில் வென்ற ஜோ பைடன் அவரையே துணை அதிபர் வேட்பாளராக அறிவித்தார்.

ஆக்லாந்தில் காத்திருப்பு இன்னும் நீண்டது. 2017 பிப்ரவரி இடைத்தேர்தலில் மவுண்ட் ஆல்பர்ட் தொகுதி ஆர்டெர்னைத் தேர்ந்தெடுத்தது. நம்மவர்களின் மளிகைக் கடைகள் நிறைந்த சாண்ட்ரிங்கம் இருக்கும் தொகுதி அது. ஆகஸ்ட் 1 அன்று, பொதுத்தேர்தலுக்கு ஏழு வாரம் இருக்கும்போது, கருத்துக்கணிப்புகளில் கட்சி சரிந்ததால் லிட்டில் தாமாகவே விலகி ஆர்டெர்னுக்கு வழிவிட்டார். தேர்தல் நெருங்கிவிட்டதால் எம்.பி.க்கள் மட்டுமே கூடி, ஒருமனதாக ஆர்டெர்னைத் தலைவராக்கினார்கள்.

அக்டோபர் 26 அன்று அவர் பிரதமரானார். ராபர்ட்சன் நிதியமைச்சர். லிட்டில் நீதியமைச்சர்.