மூத்தது எந்தப் பாறை?

பெங்களூர் லால்பாகில் ஜனங்கள் ஏறி நின்று காற்று வாங்கும் அந்தப் பெரும் பாறை ஏறக்குறைய 300 கோடி ஆண்டுப் பிராயமுடையது என்று பூகர்ப்ப சாஸ்திரிகள் சொல்லும்போது, அவ்வளவு துணிவான கணக்கு அவர்களுக்கு எங்கிருந்து கிடைத்தது என்று கேட்பது நியாயமே. மைசூர் சமஸ்தானத்துப் பூகர்ப்ப இலாகாவைச் சேர்ந்த ஸ்மீத் என்பவர் 1916-இல் தீபகற்ப நைஸ் என்று பெயரிட்ட இனம் அது. எரிமலைக் குழம்பும் நீரடி வண்டலும் மாறி மாறிப் படிந்து உருமாறிய தார்வார் சிஸ்ட் பாறைகளே அதைவிட மூத்தவை என்பது அவருடைய கட்சி. அந்தப் படிவுகளுக்குள்ளேயே நைஸ் கூழாங்கற்கள் பொதிந்து கிடப்பதைக் கண்ட பின்வந்தோர், தகப்பனுக்கு முன்பு பிள்ளை பிறக்குமோ என்று வாதாடினார்கள்.

வழக்கைத் தீர்த்த சாட்சி, கண்ணுக்குப் புலப்படுவதே அரிதான சிர்கான் என்னும் படிகம். உருகிய குழம்பு இறுகும்போது பிறக்கும் இப்படிகம் யுரேனியத்தை ஏற்று, ஈயத்தை ஏறக்குறைய அடியோடு விலக்கிவிடுவதால், பின்னாளில் அதனுள் காணப்படும் ஈயம் யுரேனியம் சிதைந்து விளைந்ததே என்று கொள்ளலாம். யுரேனியம் 238 பாதியாகக் குறைய சுமார் 447 கோடி ஆண்டும், யுரேனியம் 235-க்கு சுமார் 70 கோடி ஆண்டும் ஆகின்றன. இரு கணக்கும் ஒத்து வந்தால் பிராயம் மெய், ஈயம் கசிந்திருந்தால் அவை தம்முள் முரண்பட்டுக் குட்டை உடைத்துவிடும். மனிதர் கணிக்கும் ஜாதகத்தில் இந்த வசதி கிடையாது.

எரிமலைப் படிவுகளில்தான் சங்கடம். சித்ரதுர்க்கத்தை அடுத்த மாரடிஹள்ளியில், நீரடியில் பீறிட்ட குழம்பு உருண்டை உருண்டையாக இறுகிய தலையணை லாவாவைக் காணலாம். அத்தகைய கரும்பாறையில் சிர்கான் கிடைப்பது துர்லபம். ஆகையால் அப்பிரதேசத்துத் தார்வார் சிஸ்ட் தொகுதியில் சிலிக்கா மிகுந்த எரிமலைப் படலங்களைத் தேடிச் சோதித்து, சுமார் 261 கோடி ஆண்டு என்று நிர்ணயித்தார்கள். மணற்பாறையிலோ, அதிலுள்ள மிக இளைய சிர்கானைவிடப் பாறை மூத்ததாக இராது என்ற எல்லை மட்டுமே கிட்டும்.

முடிவில் இரு கட்சிக்கும் பாதி ஜயம்: 340 முதல் 300 கோடி ஆண்டு வரையிலான நைஸுக்குள் அதற்கும் மூத்த சர்கூர் சிஸ்ட் துண்டங்கள் சிக்கிக் கிடக்கின்றன, தார்வார்ப் படிவுகளோ அந்த நைஸின்மேல் பின்னர் படிந்தவை. இவற்றையெல்லாம் ஊடுருவி, சுமார் 252 கோடி ஆண்டுகளுக்கு முன், குளோஸ்பேட்டை என்று வழங்கிய ராமநகரத்திலிருந்து வடக்கே நெடுந்தூரம் எழுந்தது, இளஞ்சிவப்புப் படிகங்கள் நிறைந்த கிரானைட். பூமியின் ஆழத்திலிருந்து வந்த புதுக் குழம்பும், பழைய நைஸ் மறுபடி உருகிய குழம்பும் அதில் கலந்திருக்கின்றன. அதன்பின்னரே இந்த நிலப்பரப்பு கெட்டிப்பட்டது.