பெரியப்பாவின் இஞ்சின்: நாமே திறக்கலாமா?

ஓடாமல் நின்றுபோன மாதிரி இரயில் இஞ்சின் கையில் கிடைத்தால், உடனே ஸ்க்ரூ டிரைவரைத் தேடாதீர்கள். முதலில் ஒரு 9 வோல்ட் பேட்டரியும் இரண்டு துண்டு வயரும் போதும். மோட்டாருக்கு நேராக மின்சாரம் கொடுத்துப் பாருங்கள். ‘உர்ர்’ என்று முனகினால்கூட உயிர் இருக்கிறது. பெரும்பாலும் அழுக்கோ, இறுகிப்போன எண்ணெயோதான் காரணம்.

எங்கள் வீட்டு இஞ்சின் அப்படித்தான் முனகியது. 1960களின் கடைசியில் இங்கிலாந்தில் செய்த டிரையாங் ஹார்ன்பி. அசலில் 76இல் ஒரு பங்கு அளவு. ஓடும் தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். கெமாஸில் மலாயன் இரயில்வே ஃபிட்டராக இருந்த பெரியப்பா வாங்கியது. அவர் காலமான பிறகு உம்பாய்க்கு, என்னிடம் வந்துவிட்டது.

மலாக்காக்காரர்களுக்கு இரயில் என்றாலே ஒரு குறை உண்டு. தம்பினிலிருந்து மலாக்கா நகருக்கு 1905இல் கிளைப்பாதை திறந்தார்கள். ஜப்பானியர் ஆட்சியில் அந்தத் தண்டவாளம் பெயர்க்கப்பட்டு சயாம்-பர்மா மரண இரயில்பாதைக்குப் போனது. நம் தோட்டத்து மக்களும் அங்கேதான் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். போன பாதை திரும்பவில்லை. இன்றும் புலாவ் செபாங்கில் இறங்கித்தான் ஊருக்கு வருகிறோம். “ஊருக்குள்ள வராத இரயிலு, வீட்டுக்குள்ளயாவது ஓடட்டும்” என்பார் பெரியப்பா.

கோலாலம்பூரில் இந்த வேலை செய்யும் ஒருவரிடம் கேட்டேன். பழைய மோட்டாரை எடுத்துவிட்டு புதிதாகப் போட்டுத் தருகிறேன், சத்தமில்லாமல் ஓடும் என்றார். நியாயமான யோசனைதான். ஆனால் உள்ளே ஒரு வயரில் பெரியப்பா வைத்த ஈயப்பற்று இருக்கிறது. கொஞ்சம் கோணல், கொஞ்சம் தடிமன். மோட்டாரை மாற்றினால் அதுவும் போகும். பெரியம்மாவிடம் சொன்னேன். “ஓடலன்னாலும் பரவால்லப்பா. பிரிச்சுப் போட்டுட்டு அப்படியே டப்பாவுல மூடி வெச்சிடாதே” என்றார். எனக்கு அதுதான் நிபந்தனை ஆனது: திரும்பப் பூட்ட முடிகிற அளவுக்கு மட்டுமே பிரிப்பது.

நிஜ இஞ்சின்களுக்கும் இதே கேள்விதான். 1855இல் இங்கிலாந்தின் லீட்ஸில் செய்யப்பட்ட இஐஆர்-21 என்ற நீராவி இஞ்சின் 1909இல் ஓய்வு பெற்று, நூறு ஆண்டுகளுக்கு மேல் காட்சிப் பொருளாக நின்றது. சென்னை பெரம்பூர் பட்டறைக்காரர்கள் 2010இல் அதை மறுபடி ஓட வைத்தார்கள். காணாமல் போன பாகங்களைப் புதிதாகவே செய்ய வேண்டியிருந்தது. அது பழைய இஞ்சின்தானா என்று வாதாடுகிறவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், ஓடுகிறதே, போதும்.

சரி, நம் சின்ன இஞ்சினுக்கு வருவோம். இதிலிருப்பது எக்ஸ்04 என்ற மோட்டார்; வீட்டிலேயே பராமரிக்கலாம் என்கிற எண்ணத்தோடு செய்யப்பட்டது. இரண்டு கரித்துண்டுகள் சுழலும் செம்பு வளையத்தைத் தொட்டு மின்சாரம் கொடுக்கும். கரித்துண்டு தேய்ந்திருந்தால் மாற்றலாம், விலை அதிகமில்லை. வளையத்தின் இடுக்குகளில் சேர்ந்த கரிப்பொடியைப் பல்குத்தும் குச்சியால் மெதுவாக எடுத்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைக்க வேண்டும். உம்பாய் போன்ற கடலோரத்தில் உப்புக்காற்று சக்கரத்தையும் சும்மா விடாது. சக்கர விளிம்பில் படிந்த கறுப்பையும் துடையுங்கள்.

கரித்துண்டுகளை அழுத்தும் ஸ்பிரிங்கின் ஒரு காலில் மட்டும் சின்ன உறை மாட்டியிருக்கும். குப்பை என்று எறிந்தால் ஷார்ட் ஆகிவிடும். அதனால் ஒவ்வொரு படியிலும் கைப்பேசியில் ஒரு படம். எண்ணெய் ஊசி முனையில் ஒரு சொட்டு, சுழலும் அச்சுக்கு மட்டும். வீட்டில் கதவுக் கீலுக்கு அடிக்கும் ஸ்பிரேயை இதில் அடிக்கவே கூடாது.

சில இடங்களில் கை வைக்காமல் நிற்பதும் வேலைதான். நடுவில் சுழலும் பாகத்தை வெளியே எடுத்தால் பழைய காந்தத்தின் சக்தி குறைந்துவிடும், நான் எடுக்கவில்லை. கம்பிச்சுருள் கருகியிருந்தாலோ, துத்தநாகக் கலவை வார்ப்பில் மயிரிழை வெடிப்புகள் தெரிந்தாலோ அனுபவசாலியிடம் கொடுங்கள். அந்த உலோகம் உள்ளுக்குள்ளேயே நொறுங்கும் வகை. வீட்டு மின்சாரத்தில் மாட்டும் பழைய டிரான்ஸ்ஃபார்மரை யாரும் திறக்க வேண்டாம். அதை ஓரமாக வைத்துவிட்டு, 12 வோல்ட் தரும் புதிய கண்ட்ரோலர் வாங்கினேன்.

இரண்டு சனிக்கிழமைகள் ஆயின. ஈயப்பற்றைத் தொடவில்லை. சாப்பாட்டு மேசையில் வட்டமாகப் பாதை போட்டு ஓடவிட்டேன். ஒரு சுற்று ஒழுங்காக வந்தது; இரண்டாவது சுற்றில் வளைவில் திக்கியது. பெரியம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, விரலால் அதை லேசாகத் தள்ளிவிட்டார். “அவரும் இப்படித்தான் தள்ளுவாரு” என்றார்.