தாராசிங் – கிங்காங் குஸ்தி: உண்மையா? நாடகமா?

தாராசிங்!

கிங்காங்!

இந்த இரண்டு பெயர்களைக் கேட்டால், மேற்கு மாம்பலத்துத் தாத்தாக்கள் இன்றைக்கும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

1950-களிலும் 1960-களிலும் இந்தப் பெயர்கள் சென்னையையே ஒரு ஆட்டு ஆட்டின. சுவரொட்டியில் இந்தப் பெயர்கள். டீக்கடைப் பேச்சில் இந்தப் பெயர்கள். திண்ணையில் இரண்டு சிறுவர்கள் கட்டிப் புரண்டால், இருவருமே "நான்தான் தாராசிங்" என்பார்கள். கிங்காங்காக இருக்க ஒருவரும் சம்மதிக்க மாட்டார்கள்!

ஆனால், சண்டையைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் மனதில் ஒரு கேள்வி இருந்தது.

அது உண்மைச் சண்டையா? பேசி வைத்துக்கொண்டு போட்ட நாடகமா? கூலிக் காசைக் கொடுத்து டிக்கெட் வாங்கிய ஏழை ஏமாந்து போனானா?

இந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது.

மின்சார ரெயிலில் குஸ்திக்கு

ரெயில் பாதைக்குக் கிழக்கே தியாகராய நகர். மேற்கே மேற்கு மாம்பலம். முன்பு இங்கே பெரிய ஏரி ஒன்று இருந்தது. 1920-களில் அதைத் தூர்த்துத்தான் தியாகராய நகரை உண்டாக்கினார்கள். ஏரி போய்விட்டது. மேற்கு மாம்பலத்தில் "லேக் வியூ ரோடு" என்ற பெயர் மட்டும் நிற்கிறது.

மேற்கு மாம்பலம் சாதாரணக் குடும்பங்கள் நிறைந்த இடம். குமாஸ்தாக்களும் வாத்தியார்களும் சிறு வியாபாரிகளும் குடியிருந்தார்கள். கொசுவுக்குப் பேர் போன ஊர் என்ற கேலியும் உண்டு.

குஸ்தி பார்க்க இவர்களுக்கு ஒரு வசதி இருந்தது. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் 1931 முதல் மின்சார ரெயில் ஓடியது. மாம்பலத்தில் ஏறினால் கோடம்பாக்கம், நுங்கம்பாக்கம், சேத்துப்பட்டு, எழும்பூர். அதற்கு அடுத்தது பூங்கா ஸ்டேஷன். அங்கே இறங்கி நடந்தால் விளையாட்டு மைதானம் வந்துவிடும்.

அந்த நாளில் பூங்கா நகர்ப் பக்கம்தான் சென்னையின் வேடிக்கைக் களம். மூர் மார்க்கெட் அங்கே. மிருகக்காட்சி சாலை அங்கே. மாநகராட்சி ஸ்டேடியமும் அங்கே. 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக வினு மன்காடும் பங்கஜ் ராயும் சேர்ந்து 413 ரன் குவித்தது அந்த ஸ்டேடியத்தில்தான். பிறகு அதற்கு நேருவின் பெயர் வைத்தார்கள். பழைய ஸ்டேடியத்தை இடித்துக் கட்டிய புது அரங்கு 1993-ல் திறக்கப்பட்டது.

யார் இந்த கிங்காங்?

கிங்காங்கின் சொந்தப் பெயர் எமில் சாஜா. 1909-ல் பிறந்தவர். ஐரோப்பாவில் உள்ள ஹங்கேரி நாட்டைச் சேர்ந்தவர்.

1933-ல் "கிங்காங்" என்ற அமெரிக்கப் படம் வந்தது. ராட்சதக் குரங்கு ஒன்று நகரத்துக்குள் புகுந்து அட்டகாசம் செய்யும் கதை. அந்தக் குரங்கின் பெயரே சாஜாவுக்கு ஒட்டிக்கொண்டது. உடம்பும் அதற்கு ஏற்றபடி இருந்தது. அவர் எடை 200 கிலோ என்று விளம்பரம் செய்தார்கள். தாடி வேறு! மேடை ஏறும்போதே உறுமுவார். ஜனங்களைப் பார்த்துக் கையை ஓங்குவார். அவ்வளவுதான். கூட்டம் முழுவதும் அவருக்கு விரோதி ஆகிவிடும்.

அதுதான் அவருக்கு வேண்டியது. அவரை எவ்வளவு பேர் வெறுத்தார்களோ, அவ்வளவு டிக்கெட் விற்றது!

பஞ்சாப் சிங்கம்

தாராசிங் 1928 நவம்பர் 19-ந் தேதி பிறந்தார். பஞ்சாபில் அமிர்தசரஸ் அருகே தர்முச்சக் என்ற கிராமம். விவசாயக் குடும்பம். உயரம் 6 அடி 2 அங்குலம்.

பிழைப்புத் தேடி 1940-களின் கடைசியில் சிங்கப்பூர் போனார். பகலில் தொழிற்சாலை வேலை. மற்ற நேரத்தில் குஸ்திப் பயிற்சி. அங்கிருந்துதான் அவர் பெயர் பரவியது. 1954-ல் டைகர் ஜோகிந்தர் சிங்கைத் தோற்கடித்து "ருஸ்தம்-இ-ஹிந்த்" பட்டம் பெற்றார். "இந்தியாவின் மகா வீரன்" என்று பொருள். 1959-ல் கல்கத்தாவில் காமன்வெல்த் பட்டம் கிடைத்தது. 1968 மே 29-ந் தேதி பம்பாயில் அமெரிக்க வீரர் லூ தெஸ்ஸை வென்று உலகப் பட்டமும் பெற்றார்.

தாராசிங்கின் எடை 130 கிலோ. கிங்காங்கின் எடை 200 கிலோ. அந்த மலையை இவர் தலைக்கு மேல் தூக்கி வீசினார் என்பதுதான் அந்த நாளில் ஊரெங்கும் பேச்சு!

இப்போது கேள்விக்கு வருவோம்.

காமாவும் போலந்து வீரரும்

உண்மையான குஸ்தி எப்படி இருக்கும் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு காமா பயில்வானின் கதை போதும்.

காமா அமிர்தசரஸ்காரர். 1910-ல் லண்டனுக்குப் போனார். செப்டம்பர் 10-ந் தேதி போலந்து நாட்டு ஸ்பிஸ்கோவுடன் மோதினார். ஆட்டம் தொடங்கியதும் காமாவின் பலம் ஸ்பிஸ்கோவுக்குப் புரிந்துவிட்டது. உடனே தரையோடு தரையாகக் கவிழ்ந்து படுத்துக்கொண்டார். காமா இழுத்துப் பார்த்தார். புரட்டிப் பார்த்தார். முடியவில்லை. இப்படியே இரண்டரை மணி நேரம் போய்விட்டது! ஆட்டம் முடிவில்லாமல் நிறுத்தப்பட்டது.

மறுபடி மோத செப்டம்பர் 17-ந் தேதி குறித்தார்கள். காமா வந்தார். ஸ்பிஸ்கோ வரவில்லை. பட்டம் காமாவுக்கு.

பகை அதோடு தீரவில்லை. 18 வருடம் கழித்து, 1928 ஜனவரியில் பாட்டியாலாவில் இருவரும் மறுபடி எதிரெதிரே நின்றார்கள். இந்தத் தடவை ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஸ்பிஸ்கோ மல்லாந்து கிடந்தார்!

இதுதான் உண்மைக் குஸ்தி. ஒரு சமயம் இரண்டரை மணி நேரம் ஒன்றுமே நடக்காது. இன்னொரு சமயம் ஜனங்கள் உட்காருவதற்குள் முடிந்துவிடும். இரண்டிலும் டிக்கெட் வாங்கியவனுக்குத் திருப்தி இல்லை.

ஆட்டம் மாறியது

இதற்கு அமெரிக்காவில் வழி கண்டுபிடித்தார்கள். 1920-களில் எட் லூயிஸ் என்ற வீரரும், அவருடைய மானேஜர் பில்லி சாண்டோவும், டூட்ஸ் மாண்ட் என்பவரும் கூட்டுச் சேர்ந்தார்கள். ஆட்டத்துக்கு நேரம் வைத்தார்கள். தூக்கி எறிவது, குத்துவது, கயிற்றில் மோதித் திரும்புவது எல்லாவற்றையும் சேர்த்தார்கள். ஒருவர் நல்லவர், ஒருவர் கெட்டவர் என்று பாத்திரம் பிரித்தார்கள். யார் ஜெயிப்பது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்தார்கள்.

ஜனங்கள் அலைமோதினார்கள். இந்த முறை உலகம் முழுவதும் பரவியது.

தொழில் நடத்தியவர்கள் இதை வெளியே சொல்லவில்லை. பல ஆண்டுகள் ரகசியம் காத்தார்கள். 1989-ல்தான் அமெரிக்காவில் ஒரு பெரிய மல்யுத்தக் கம்பெனி, "இது போட்டி அல்ல, பொழுதுபோக்கு" என்று நியூஜெர்சி மாநில அரசாங்கத்திடம் ஒப்புக்கொண்டது. ஏன் தெரியுமா? விளையாட்டுப் போட்டிக்கு உள்ள கட்டுப்பாடுகளிலிருந்து தப்பத்தான்!

பெண் பயில்வான்

நம் நாட்டிலும் இந்தச் சந்தேகம் அப்போதே கிளம்பியது.

அலிகாரில் ஹமீதா பானு என்று ஒரு பெண் பயில்வான் இருந்தார். "என்னைக் குஸ்தியில் ஜெயிக்கிற ஆணைக் கல்யாணம் செய்துகொள்கிறேன்" என்று சவால் விட்டார். 1954-ல் பரோடாவில் பாபா பயில்வான் என்பவர் மோதினார். 1 நிமிடம் 34 வினாடி. பாபா தோற்றார்!

அதே காலத்தில் பம்பாய் ராஜ்யத்தில் அவருடைய குஸ்தி ஒன்றுக்குத் தடை வந்தது. அப்போது முதல் மந்திரி மொரார்ஜி தேசாய். பெண் என்பதால் தடுக்கிறார்கள் என்று ஹமீதா புகார் செய்தார். "அதனால் அல்ல. போட்டி நடத்துகிறவர்கள் போலி ஆட்களை நிறுத்துவதாகப் புகார் வந்தது. அதனால்தான் தடை" என்று பதில் வந்தது.

பதக்கம் வாங்கியவர் கடன்காரர் ஆனார்

நாடகம் இல்லாத குஸ்தி போட்டவருக்கு என்ன கிடைத்தது?

மராட்டியத்தைச் சேர்ந்த கே.டி. ஜாதவ் 1952-ல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் மல்யுத்தத்தில் வெண்கலப் பதக்கம் வாங்கினார். சுதந்திர இந்தியாவுக்குத் தனி ஒருவர் வாங்கித் தந்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. ஆனால், பின்லாந்து போவதற்கு அவரிடம் பணம் இல்லை. அவர் படித்த கோலாப்பூர் கல்லூரியின் பிரின்சிபால் தம் வீட்டை அடமானம் வைத்து 7,000 ரூபாய் கொடுத்தார். ஜாதவ் பதக்கத்தோடு திரும்பி வந்து, குஸ்தி போட்டுப் பணம் சேர்த்து, அந்தக் கடனை அடைத்தார்!

கிங்காங் பெயரைச் சொன்னால் தெரு கூடியது. ஜாதவ் பெயரைச் சொன்னால் "யார் அவர்?" என்று கேட்டார்கள். 1984-ல் அவர் சாலை விபத்தில் இறந்தார். பல ஆண்டுகள் கழித்துத்தான் அர்ஜுனா விருது அவர் பெயருக்கு வந்தது.

தமிழர்களின் மற்போர்

குஸ்தி தமிழனுக்குப் புதிது அல்ல. சங்க காலத்திலேயே மற்போர் இருந்தது. போரவைக் கோப்பெருநற்கிள்ளி என்ற சோழன், ஆமூர் மல்லனோடு பொருது வென்றான். இது புறநானூற்றில் இருக்கிறது. அவனுக்கும் அவன் தந்தை தித்தனுக்கும் மனத்தாங்கல். மகனுடைய வெற்றியைத் தந்தை பார்க்க வேண்டுமே என்று புலவர் ஏங்குகிறார்.

வாதாபியை வென்ற முதலாம் நரசிம்மவர்ம பல்லவனுக்கு "மாமல்லன்" என்று பட்டப் பெயர். பெரிய மல்லன் என்று அர்த்தம். மாமல்லபுரம் அவன் பெயரைத் தாங்கி நிற்கிறது.

எது பொய்? எது நிஜம்?

தொழில்முறைக் குஸ்தியில் ஜெயிப்பது யார் என்பது முன்பே முடிவாகிவிடும். அந்த வகையில் அது நாடகம்தான். ஆனால், மேடையில் நடப்பது எல்லாம் பொய் அல்ல.

200 கிலோ ஆளைத் தூக்குவது என்றால், தூக்கப்படுகிறவரும் கூடவே எம்பிக் கொடுக்க வேண்டும். தூக்குகிறவர் அவருடைய கழுத்து மடங்காமல் கீழே போட வேண்டும். கொஞ்சம் தவறினால் முதுகெலும்பு போய்விடும். எதிரி என்று ஜனங்கள் நினைக்கிறவர் கையில்தான் இவருடைய உயிர் இருக்கிறது. விழுவது நிஜம். வலி நிஜம். அடிபட்டால் ஆஸ்பத்திரிச் செலவும் நிஜம்!

அதனால்தான் பெரியவர்கள் அன்றைக்குச் சிறுவர்களை அதட்டினார்கள். பிறகு கேபிள் டி.வி. வந்தது. 1990-களில் அமெரிக்க மல்யுத்தம் மேற்கு மாம்பலத்துக் கூடங்களுக்குள்ளேயே புகுந்தது. "வீட்டில் செய்து பார்க்காதீர்கள்" என்று அந்தக் கம்பெனிகளே எச்சரித்தன. வருடக் கணக்கில் விழப் பழகியவர்கள் செய்கிற வேலை அது. பிள்ளைகள் கட்டில் மேலிருந்து குதித்துக் கற்றுக்கொள்கிற வேலை அல்ல.

டிக்கெட் வாங்கிய ஏழை ஏமாந்தானா? பாதி ஏமாந்தான். போட்டி என்று சொல்லி நாடகத்தைக் காட்டியது தவறுதான். "கூத்து" என்று சொல்லியிருந்தாலும் அவன் காசு கொடுத்திருப்பான். விடிய விடிய தெருக்கூத்து பார்த்தவன்தானே அவன்! துரியோதனன் விழுவான் என்பது முதலிலேயே தெரியும். ஆனாலும் எழுந்து போக மாட்டான்.

கெட்டவருக்கும் ஒரு வணக்கம்

கிங்காங் சிங்கப்பூரிலேயே குடியேறிவிட்டார். மலேசியாவில் நடந்த கார் விபத்தில் பலத்த காயம் அடைந்து, 1970 மே மாதம் சிங்கப்பூரில் இறந்தார். கெட்டவராக வந்து நிற்க ஒருவர் இல்லாவிட்டால், நல்லவருக்குக் கைதட்டல் கிடைத்திருக்காது. அந்த வசவை எல்லாம் வாங்கிக்கொள்வதுதான் அவருடைய தொழில்.

தாராசிங் 1983-ல் குஸ்தியை விட்டார். 1987-ல் டி.வி.யில் "ராமாயணம்" தொடர் வந்தபோது அனுமார் வேடத்தில் தோன்றினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அயோத்தியா மண்டபம் உள்ள மேற்கு மாம்பலத்திலும் வீட்டுக்கு வீடு டி.வி. முன்னால் கூட்டம். "அனுமார் வந்துவிட்டார்" என்று பாட்டிகள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

2003 முதல் 2009 வரை தாராசிங் ராஜ்ய சபையில் நியமன உறுப்பினராக இருந்தார். 2012 ஜூலை 12-ந் தேதி பம்பாயில் காலமானார். அவருக்கு வயது 83.