மேலூரில் ஒருநாள் இறங்கிப் பாருங்களேன்... கல்வெட்டு, வல்லூறு, கண்மாய் மீன்!

மதுரை மாட்டுத்தாவணியில் திருச்சி பஸ் ஏறினால் சுமார் 25 கிலோமீட்டரில் மேலூர். கல்லூரிக் காலத்தில் மாதத்துக்கு இரண்டு தடவையாவது இந்த வழியாகப் போயிருப்பேன். ஜன்னல் வழியே மலை தெரியும், கரும்புத் தோட்டம் தெரியும், அறுத்து அடுக்கிய கிரானைட் கற்கள் தெரியும். ஒருநாளும் இறங்கியதில்லை. எங்களுக்கெல்லாம் மேலூர் என்றால் பஸ் ரெண்டு நிமிஷம் நிற்கும் ஊர். அவ்வளவுதான்.

இறங்க வைத்தது ஸ்பெயின். சொன்னால் சிரிப்பீர்கள். சுற்றுலாப் பயணிகள் அதிகம் போகாத இடங்களைப் பற்றி எழுதுவதற்காக எக்ஸ்ட்ரிமதுரா என்ற பகுதியைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். போர்ச்சுகல் எல்லையை ஒட்டிய ஸ்பெயின் மாகாணம். பெயரில் 'மதுரா' இருந்தாலும் நம் மதுரைக்கும் அதற்கும் உறவில்லை. எல்லோரும் பார்சிலோனாவுக்கும் மாட்ரிட்டுக்கும் போய்விடுவதால் அந்தப் பக்கம் கூட்டம் குறைவு. ஆனால் போகிறவர்களுக்கு மூன்று விஷயங்கள் காத்திருக்கின்றன. மெரிடா நகரத்தில் ரோமானியர்கள் கட்டிய அரங்கம், மான்ஃப்ராகுவே பாறைகளில் வட்டமிடும் பிணந்தின்னிக் கழுகுகள், புகையில் உலர்த்தி அரைத்த மிளகாய்த்தூள் மணக்கும் சாப்பாடு. பழைய கல், பெரிய பறவை, ஊர்ச் சாப்பாடு. இந்த மூன்றும் என் வீட்டிலிருந்து ஒரு மணி நேர தூரத்தில் இருக்கிறதே என்று அப்போதுதான் உறைத்தது.

பொங்கலுக்குப் பத்து நாள் முன்னால், தோழியின் டூவீலரில் கிளம்பினோம்.

அரிட்டாபட்டி: ஏழு மலை, 72 நீர்நிலை

நான்குவழிச் சாலையில் நரசிங்கம்பட்டி பக்கம் வந்ததும், அழகர்மலையைப் பார்த்தபடி உள்ளே பிரிகிறது அரிட்டாபட்டி சாலை. ஐந்து நிமிஷத்தில் லாரிச் சத்தம் அடங்கிவிடுகிறது. இருபக்கமும் வயல். அதற்குப் பின்னால், யானைக்கூட்டம் படுத்திருப்பதைப் போல மொட்டைப் பாறை மலைகள்.

2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது இந்த இடத்தைத்தான். அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் என்ற இரண்டு கிராமங்களில் 193.215 ஹெக்டேர். ஏழு மலைகள், 72 ஏரி குளங்கள், 200 ஊற்றுகள், மூன்று தடுப்பணைகள் என்று அரசு கணக்கு சொல்கிறது. சுமார் 250 வகைப் பறவைகள் இங்கே பதிவாகியிருக்கின்றன. அவற்றில் லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, ராஜாளி மூன்றும் பறவை ஆர்வலர்கள் கேமராவோடு தேடி வருகிற வேட்டைப் பறவைகள். தேவாங்கும் எறும்புத்தின்னியும்கூட இருக்கின்றன.

எங்களுக்கு வல்லூறு காட்சி தரவில்லை. உச்சிப் பாறைக்கு மேலே ஏதோ ஒன்று சுற்றியது. தோழி "ராஜாளிதான்" என்று சத்தியம் செய்தாள். அது பருந்தாகவும் இருக்கலாம். பைனாகுலர் எடுத்துப் போகாதது எங்கள் தப்பு.

மலையடிவாரத்தில் பாண்டியர் காலத்துக் குடைவரை சிவன் கோயில் இருக்கிறது. 7, 8-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்கிறார்கள் ஆய்வாளர்கள். ஊர்க்காரர்களிடம் 'இடச்சி மண்டபம்' என்று கேட்டால்தான் வழி சொல்கிறார்கள். கருவறைக்கு ஒரு பக்கம் பிள்ளையார். இன்னொரு பக்கம் லகுலீசர். பாசுபத சைவத்தின் ஆசானான லகுலீசரின் ஊர், இன்றைய குஜராத்தில் இருக்கும் காயாவரோகணம். தமிழ்நாட்டில் அவருக்குச் சிற்பங்கள் மிகவும் குறைவு. குஜராத்து ஆசான் மேலூர் வயலோரப் பாறையில் எப்படி வந்து உட்கார்ந்தார் என்று யோசித்தபடி கொஞ்ச நேரம் அந்த நிழலில் இருந்தோம். யாருமே வரவில்லை.

அடுத்து சமணர் குகை. இங்கேதான் நான் கட்டுரையையே மறந்து நின்றுவிட்டேன்.

குகையின் நெற்றிப் பாறையில் தமிழி எழுத்துகள் இருக்கின்றன. மழைத்தண்ணீர் உள்ளே வழியாமலிருக்க வெட்டிய விளிம்புக்குக் கீழே, துறவிகளுக்குக் குகையைச் செய்து கொடுத்தவர்களின் பெயர்கள். ஒருவர் நெல்வேலிக்காரர். இன்னொருவர் இலஞ்சி வேள் ஒருவரின் மகன். ஈராயிரம் ஆண்டுக்கு முன்பு கொடுத்த நன்கொடைக்கான ரசீது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதே பாறையில், அதற்குப் பல நூறு ஆண்டுகள் கழித்துச் செதுக்கிய தீர்த்தங்கரர் சிற்பமும் இருக்கிறது. அதன் கீழே வட்டெழுத்தில் ஒரு செய்தி. இந்த மலையின் பெயர் திருப்பிணையன் மலை. சிற்பத்தைச் செய்வித்தவர் அச்சணந்தி என்ற சமண முனிவர். இதற்குக் காவல் பாதிரிக்குடியார். பாதிரிக்குடி என்பது அப்போது இங்கிருந்த ஊர். ராஜாவும் இல்லை, படையும் இல்லை. மலையடிவாரத்து ஊர்க்காரர்களிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், ஏறத்தாழ ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பு.

காவலுக்கு வந்த சோதனை

2024 நவம்பரில் 'நாயக்கர்பட்டி டங்ஸ்டன் பிளாக்' என்ற பெயர் செய்திகளில் வந்தபோது பலருக்கு எந்த ஊர் என்றே புரியவில்லை. பல்புக்குள் எரிகிற இழை முதல் பாறை துளைக்கும் கருவிகள், ஆயுதங்கள் வரை பயன்படும் உலோகம் டங்ஸ்டன். அதைத் தோண்டுவதற்காக மத்திய அரசு ஏலம் விட்ட 2,015.51 ஹெக்டேருக்குள் அரிட்டாபட்டியும் அடக்கம். ஏலத்தில் தேர்வானது ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம்.

பிறகு நடந்ததை நீங்கள் டிவியில் பார்த்திருப்பீர்கள். ஊர் ஊராகக் கிராமசபைத் தீர்மானங்கள். டிசம்பர் 9-ல் சட்டமன்றத்தில் தீர்மானம். 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தமுக்கத்தை நோக்கிப் பல்லாயிரம் பேர் நடந்தார்கள். மேலூரில் கடைகள் அடைபட்டன. வயசான அப்பத்தாக்களும் கைக்குழந்தையோடு அம்மாக்களும் நான்குவழிச் சாலையில் நடந்த வீடியோக்களை எங்கள் டெஸ்க்கில் எடிட் செய்தது எனக்கு நினைவிருக்கிறது. ஜனவரி 23-ல் ஏலம் ரத்தானது.

அன்று அந்த வீடியோக்களுக்குத் தலைப்பு வைத்த எனக்கு, அந்த மலையில் பாதிரிக்குடியார் என்று ஒரு வார்த்தை வெட்டியிருப்பது தெரியாது. தெரிந்திருந்தால் தலைப்பு வேறு மாதிரி இருந்திருக்கும்.

இந்தப் பகுதிக்குக் கல்லால் வந்த சோதனை இது முதல்முறை அல்ல. மேலூரைச் சுற்றிய கிரானைட் குவாரி முறைகேடுகளை 2012-ல் மதுரை கலெக்டராக இருந்த சகாயம் அரசுக்கு அறிக்கையாகத் தந்ததும், பிறகு உயர் நீதிமன்றம் அவரையே விசாரிக்கச் சொன்னதும் பழைய கதை. கீழவளவுக்குப் போனால் நேரில் புரியும். பாதி மலை ஜியோமெட்ரி பாக்ஸ் வைத்து அறுத்த மாதிரி இருக்கிறது. பக்கத்திலேயே பஞ்சபாண்டவர் மலை, சமணப் படுக்கைகளோடும் தீர்த்தங்கரர் சிற்பங்களோடும் உருண்டைப் பாறைகளாக நிற்கிறது. இரண்டையும் ஒரே பார்வையில் பார்க்கலாம். பார்த்துவிட்டு எங்களால் உடனே வண்டியை எடுக்க முடியவில்லை.

இதற்கெல்லாம் மூத்தது மாங்குளம். மீனாட்சிபுரம் பக்கத்து மலையில் ஏறினால், தமிழகத்தின் மிகப் பழைய கல்வெட்டுகளில் சிலவற்றைப் பார்க்கலாம். பாண்டியன் நெடுஞ்செழியனின் பெயர் இங்கே கல்லில் இருக்கிறது. கணிநந்தன் என்ற துறவிக்கு அரசனின் அதிகாரி செய்து கொடுத்த இடம். வெள்ளறை நிகமத்தார், அதாவது வெள்ளறை ஊர் வணிகர் சங்கமும் பங்கு போட்டிருக்கிறது. அந்த வெள்ளறைதான் மேலூர் சாலையில் இருக்கும் இன்றைய வெள்ளரிப்பட்டி என்கிறார்கள். 1882-ல் ராபர்ட் சீவல் என்ற ஆங்கில அதிகாரி கண்டுபிடித்தார். அதிலிருந்த நெடுஞ்செழியனை 1960-களில் அடையாளம் காட்டியவர் ஐராவதம் மகாதேவன். ஸ்பெயினின் மெரிடா நகரம் பிறந்தது கி.மு. 25-ல். மாங்குளம் அதைவிட ஒன்றிரண்டு நூற்றாண்டாவது மூத்தது.

ஒரு வேண்டுகோள். படுக்கைகளின் மேல் பெயின்ட்டில் காதலி பெயர் எழுதி வைத்திருக்கும் அண்ணன்களே, உங்கள் கல்வெட்டை யாரும் ஆராயப் போவதில்லை. பிளீஸ்.

அழகர் தோசையில் மிளகாய் கிடையாது

பசி. மலைப்பக்கம் ஹோட்டல் எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை. தண்ணீர் பாட்டிலும் ஏதாவது கொறிக்கவும் கையோடு கொண்டு போய்விடுங்கள். குப்பையைத் திரும்ப எடுத்து வந்துவிடுங்கள்.

நாங்கள் அழகர்கோவிலுக்கு வண்டியைத் திருப்பினோம். கள்ளழகரைப் பற்றி மதுரைக்காரர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பிரசாதமாக விற்கும் தோசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பச்சரிசியும் தோல் நீக்காத கறுப்பு உளுந்தும் அரைத்த மாவில் மிளகு, சீரகம், சுக்கு சேர்த்து, நெய்யில் தடிமனாக வேகவைத்தது. ஓரம் மொறுமொறு, நடுவில் மெத்து. சட்னி கேட்காது. இரண்டு நாள் வைத்திருந்தாலும் கெடாது என்று வெளியூர்க்காரர்கள் பொட்டலம் கட்டிக்கொண்டு போகிறார்கள்.

காரத்துக்கு மிளகும் சுக்கும் மட்டும்தான். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. கொலம்பஸ் காலத்துக்குப் பிறகு ஸ்பெயினுக்குப் போய் அங்கே எக்ஸ்ட்ரிமதுராவின் புகைமிளகாய் ஆனது. போர்த்துகீசியர்கள் வழியாக இங்கே வந்து நம் குழம்பு ஆனது. மிளகாய் வருவதற்கு முந்தைய தமிழ்நாட்டுச் சமையல் எப்படி ருசித்திருக்கும் என்று யாராவது கேட்டால், அழகர் தோசையைக் கையில் கொடுத்துவிடலாம்.

திரும்பும் வழியில் செங்கரும்பு. தமிழ்நாட்டுப் பொங்கலுக்கு மேலூர்க் கரும்பு எவ்வளவு முக்கியம் என்று அந்த வாரம் வந்து பார்த்தால்தான் தெரியும். பத்து மாதப் பயிர். தோகை உரித்து, சாயாமல் கட்டி நிறுத்தி, ஆள் உயரத்துக்கு மேல் கறுஞ்சிவப்பாக நிற்கிறது. ஒன்றை முறித்து நடுரோட்டில் நின்று கடித்தோம். கடைவாய்ப் பல் இன்னும் வலிக்கிறது.

இத்தனை விளைச்சலும் பெரியாறு தண்ணீரை நம்பித்தான். 1895-ல் பெரியாறு அணை வந்தபோது வைகை வழியாகத் தண்ணீர் மேலூர் வரை வந்தது. ஆனால் கால்வாயின் கடைசிப் பகுதி இது. மேலே இருப்பவர்களுக்கு இரண்டு போகம் என்றால் இவர்களுக்கு ஒரு போகம். அதுவும் அணையில் தண்ணீர் இருந்தால். அதனால்தான் இங்கே ஒவ்வொரு ஊருக்கும் கண்மாய் உயிர். மலையில் விழும் மழை ஊற்றாகி, ஓடையாகி, கண்மாய்க்கு வருகிறது. மலையை வெட்டினால் எது போகும் என்று மக்களுக்கு வகுப்பெடுக்க வேண்டியிருக்கவில்லை.

அரிட்டாபட்டி ஆனைகொண்டான் கண்மாய்க் கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அப்பத்தாவிடம் "இங்க சாப்பாடு என்ன ஃபேமஸ் அப்பத்தா?" என்று கேட்டேன். எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"தப்பான நேரத்துல வந்திருக்கீங்க தாயி. கம்மா நெறஞ்சு கெடக்கு. பங்குனி, சித்திரையில வாங்க. கம்மா அழியும்போது."

கண்மாய் அழிவது என்றால் பயந்துவிடாதீர்கள். அறுவடை முடிந்து தண்ணீர் வற்றியதும், இந்தப் பகுதி ஊர்களில் ஒருநாள் குறித்து மீன்பிடித் திருவிழா நடத்துகிறார்கள். சுற்றுப்பட்டி ஊர்களிலிருந்து விடியும் முன்பே ஜனம் கரையில் கூடிவிடும். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும், வலை, கச்சா, ஊத்தாவோடு எல்லோரும் ஒரே நேரத்தில் சேற்றுக்குள் இறங்குவார்கள். ஊத்தா என்பது அடியில்லாத மூங்கில் கூடை. மீன் இருக்கும் இடத்தில் கவிழ்த்து அமுக்கி, மேல் ஓட்டை வழியாகக் கையை விட்டுத் துழாவ வேண்டும். கெளுத்தி இருந்தால் முள் குத்தும். விரால் சிக்கினால் அதிர்ஷ்டம். இன்ன சாதி, இன்ன ஊர் என்ற கேள்வி இல்லாமல் யார் வேண்டுமானாலும் இறங்கலாம் என்கிறார்கள். பிடித்ததை விற்பது வழக்கமில்லை. அன்றைக்கு ஊர் முழுக்க மீன் குழம்புதான். கண்மாய் அழிந்தால் அடுத்த மழை நன்றாகப் பெய்யும் என்பது நம்பிக்கை.

அப்பத்தா சமையல் குறிப்பும் சொன்னார். சாம்பல் போட்டுக் கல்லில் உரசிக் கழுவணும். மண்சட்டி, நல்லெண்ணெய், புளி கொஞ்சம் தூக்கல். "அன்னைக்கே திங்கக் கூடாது. ராத்திரி பூரா ஊறட்டும். மறுநாள் கஞ்சிக்கு ஊத்திக்கங்க."

"நாங்க வந்தா எங்களுக்கும் மீன் கிடைக்குமா அப்பத்தா?"

"எறங்குனா கெடைக்கும். கரையில நின்னு போன்ல படம் புடிச்சா எங்கிட்டு கெடைக்கும்?"

சொல்லிவிட்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு கரையேறிவிட்டார். மேலூர் சந்தைக்கடைகளில் ஊத்தா என்ன விலை என்று தோழி அன்றைக்கே விசாரித்து வைத்திருக்கிறாள்.