பிஸ்ட்ரோவில் பெரியம்மா

சனிக்கிழமை இரவு எட்டு மணிக்குச் சுங்கைப்பட்டாணியில் கார் நிறுத்த இடம் தேடியிருக்கிறீர்களா? 1936-இல் கட்டிய மணிக்கூண்டைச் சுற்றியுள்ள பழைய கடைவரிசைகளாகட்டும், புதிய தாமான்களின் முன்வரிசைக் கடைகளாகட்டும், எங்காவது ஒரு மஞ்சள் விளக்கு எரிகிறது. பூசாத சிமெண்ட் சுவர், தொங்கும் செடி, கண்ணாடிக் கதவில் ஆங்கிலத்தில் ஒரு பெயர். நேற்றுவரை சைக்கிள் கடையாகவோ துணிக்கடையாகவோ இருந்த இடம் இன்றைக்கு ‘பிஸ்ட்ரோ’. கூலிமிலும் இதே கதைதான். 1996-இல் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறந்தது. ஜெர்மன், ஆஸ்திரிய, அமெரிக்க நிறுவனங்கள் வந்தன. அவற்றின் பின்னால் பொறியியலாளர்கள் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் பாஸ்தா வந்துவிட்டது.

பிஸ்ட்ரோ என்பது பிரெஞ்சுச் சொல். பாரிசில் அக்கம்பக்கத்தார் வந்து அதிகச் செலவில்லாமல் சாப்பிட்டுப் போகும் சின்னக் கடைக்கு அந்தப் பெயர். 1814-இல் பாரிசுக்குள் நுழைந்த ரஷ்யச் சிப்பாய்கள் “பிஸ்த்ரா, பிஸ்த்ரா” (சீக்கிரம், சீக்கிரம்) என்று கத்தியதால் வந்த பெயர் என்றொரு கதை உண்டு. மொழி ஆராய்ச்சியாளர்கள் பலர் இதை நம்புவதில்லை. அந்தச் சொல் எழுத்தில் தென்படுவதே பல பத்தாண்டுகளுக்குப் பிறகுதான். எப்படியோ, அங்கே மலிவான கடைக்கு இருந்த பெயர் இங்கே வந்ததும் விலை கூடிய கடைக்கு ஒட்டிக்கொண்டது.

வானொலியில் ஒரு நாள் பேச்சுவாக்கில் நேயர்களிடம் கேட்டேன்: “குடும்பத்தோட இந்த மாதிரி கடைக்குப் போயிருக்கீங்களா?” இளையவர்கள் கடைப் பெயர்களை அடுக்கினார்கள். வயதானவர்கள் விலையைப் பற்றிக் குறைசொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். பாடாங் செராய் பக்கத்திலிருந்து அழைத்த ஓர் அம்மா வேறொன்று சொன்னார். “காசு பெருசில்லப்பா. பிள்ளைங்க கூப்பிடுதுங்க. அங்க போயி எப்படி உக்கார்றதுன்னுதான் கூச்சமா இருக்கு.” அதற்குப் பிறகு வந்த நான்கைந்து அழைப்புகளும் அதையே வேறு வேறு விதமாகச் சொல்லின. எல்லாம் பெண் குரல்கள்.

அந்த வாரக் கடைசியிலேயே அம்மாவையும் பெரியம்மாவையும் சித்தி மகளையும் கூட்டிக்கொண்டு சுங்கைப்பட்டாணியில் ஒரு பிஸ்ட்ரோவுக்குப் போனேன். கடையின் பெயர் வேண்டாம், விளம்பரமாகிவிடும். பெரியம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. செமிலிங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் முப்பது வருஷம் பால்மரம் வெட்டியவர். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்புவரை படித்தவர். தமிழ்ப் பத்திரிகையை வரி விடாமல் வாசிப்பார்.

கதவைத் தள்ளியதும் குளிர்க்காற்று. பெரியம்மா வாசலிலேயே நின்று செருப்பைக் கழற்றப் போனார். சித்தி மகள் கையைப் பிடித்து இழுத்துப்போய் சோபா போட்ட மேசையில் உட்காரவைத்தாள். பெரியம்மா சோபாவின் நுனியில்தான் உட்கார்ந்தார். “இங்க உக்காரலாமா? யாராச்சும் வந்து எழுப்பி விட்டுடப் போறாங்கடா.”

உணவுப் பட்டியல் கிடையாது. மேசையில் ஒட்டிய கட்டத்தைக் கைப்பேசியால் படம் பிடித்தால் திரையில் வருகிறது, பொடி எழுத்தில், ஆங்கிலத்தில். தோம் யாம் ஸ்பகெட்டி, ஜப்பானிய மிசோ தடவிச் சுட்ட சியாக்காப் மீன், மொரோக்கோ பாணி ஆட்டுக்கறி, கொரியச் சோறு, சிக்கன் சாப். ஐந்து நாடுகளுக்கு ஒரே அடுப்பு. ‘கடாரம் கொண்டான்’ என்று நான் ஆரம்பித்தால் இந்தப் பக்கம் பத்தாது. ஆனாலும், சீனப் பீங்கானும் மேற்காசியக் கண்ணாடியும் தோண்டியெடுக்கப்பட்ட பூஜாங் பள்ளத்தாக்கு பக்கத்திலேயே இருக்க, ஊருக்குள் வெளிநாட்டுச் சாமான் வருவதை யாரும் புதுமை என்று சொல்ல முடியாது.

பரிமாற வந்த தம்பி பீடோங்கைச் சேர்ந்தவர், இருபத்திரண்டு வயது இருக்கும். எங்கள் பேச்சைக் கேட்டதும் தமிழுக்கு மாறிவிட்டார். “என்னா சாப்பிடுறீங்க ஆன்ட்டி? காரமா வேணுமா, காரமில்லாம வேணுமா?” அவ்வளவுதான், பெரியம்மா சோபாவில் பின்னால் சாய்ந்தார். அந்தத் தம்பி ஒவ்வொரு உணவையும் வாயாலேயே சமைத்துக் காட்டினார். “இது நம்ம புளிக்குழம்பு மாதிரிதான் ஆன்ட்டி, ஆனா செராய் போட்டு, மீக்குப் பதிலா ஸ்பகெட்டி.” கடைக்காரர்கள் விளக்குக்குச் செலவழிப்பதில் கொஞ்சத்தை இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம்.

அம்மாவுக்குச் சிக்கன் சாப், தங்கைக்கு ஸ்பகெட்டி, எனக்கு மீன். பெரியம்மா காளான் சூப் மட்டும் போதும் என்றார். அகலமான தட்டின் நடுவில் சின்னக் குழி, அதில் சூப். எட்டிப் பார்த்துவிட்டு, “நல்லா வெட்டுன மரத்துல மங்குல இதவிடக் கூடப் பால் விழும்” என்றார். ஸ்பகெட்டி உண்மையிலேயே நன்றாக இருந்தது. புளிப்பும் காரமும் அளவோடு. மீனை ஐந்து நிமிடம் முன்னதாக இறக்கியிருக்கலாம். சிக்கன் சாப்பை அம்மா ஒன்றும் சொல்லாமல் முழுவதும் சாப்பிட்டார். அம்மாவைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய பாராட்டு என்று புரியும்.

கடைசியில் பிரெட் புட்டிங் வந்தது. 16 ரிங்கிட். பெரியம்மா ஒரு வாய் வைத்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். “இது குக்கு செய்யறதுல்ல!”

எங்கள் பாட்டி துரை பங்களாவில் ஆயாவாக இருந்தவர். அறுபதுகளில் நடந்தது. பங்களாவின் குசினியில் இருந்தவர் ஒரு ஹைனான் சீனர். எல்லாருக்கும் அவர் ‘குக்கு’தான். ஞாயிற்றுக்கிழமை துரை வீட்டு விருந்து முடிந்ததும் மீந்ததைக் காகிதத்தில் மடித்துப் பின்கதவு வழியாகப் பாட்டியிடம் கொடுப்பார். லயத்தில் ஐந்து பிள்ளைகள் காத்திருப்பார்கள். ஆளுக்கு ஒரு விரல் அளவு புட்டிங். பெரியம்மா அந்தப் பங்களாவின் முன்கதவை ஒருமுறைகூடத் தாண்டியதில்லை. மேசையில் அது எப்படி வைக்கப்பட்டிருக்கும் என்று பார்த்ததே இல்லை.

இந்த ‘குக்கு’களின் கதை சுவையானது. சீனாவின் ஹைனான் தீவிலிருந்து வந்தவர்கள் மற்றச் சீனர்களைவிடத் தாமதமாக மலாயாவுக்கு வந்தார்கள். வணிகம், ஈயம் என்று நல்ல தொழில்களையெல்லாம் மற்றவர்கள் முன்பே பிடித்துவிட்டிருந்தார்கள். பலருக்குக் கிடைத்தது வெள்ளைக்காரர் வீடுகளிலும் கிளப்புகளிலும் கப்பல்களிலும் சமையல் வேலை. துரைமாருக்குப் பிடித்த மாதிரி பொரித்த கோழியின் மேல் சோயாவும் ஊஸ்டர் சாஸும் கலந்த குழம்பை ஊற்றி, பட்டாணியும் உருளைக்கிழங்கும் சேர்த்தார்கள். அதுதான் சிக்கன் சாப். துரைமார் கப்பலேறிய பின் இவர்களில் பலர் காப்பிக்கடை போட்டார்கள். துரை மேசையில் இருந்த உணவு மார்பிள் மேசைக்கு இறங்கி வந்தது அப்படித்தான்.

அந்த மேசையில் நம் கைப்பக்குவமும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் துரைமார் சாப்பிட்ட ‘கறி டிபன்’ நம் கறிதான். அதற்குமுன் குடிக்கும் ‘மல்லிகட்டானி’ சூப்பை உச்சரித்துப் பாருங்கள், மிளகுத்தண்ணி! ஆங்கில அகராதியில் ஏறிவிட்ட நம் ரசம். சீனர் சமைத்து, தமிழ்ப் பெண் பாத்திரம் கழுவி, ஸ்காட்லாந்துக்காரர் சாப்பிட்ட அந்தக் குசினியில் மூன்று நாட்டு ருசியும் அப்போதே கலந்தாகிவிட்டது. கலக்காதது உட்காரும் இடம் மட்டும்.

அந்தக் காலத்தில் தோட்டத்து ஆட்களுக்கு வெளியே போய் உட்கார ஓர் இடம் உண்டென்றால் அது கள்ளுக்கடை. வறுத்த கடலை, கருவாடு, பொரித்த மீன், பேச்சு, சண்டை எல்லாம் அங்கே. ஆண்களுக்கு. சம்பளப் பணம் அங்கேயே கரைந்துபோக, வீட்டில் அடுப்பு எரியாது. அதைப் பொறுக்காமல்தான் போருக்குப் பிறகு, 1946-47-இல், பீடோங் வட்டாரத் தோட்டங்களில் ‘தொண்டர் படை’ எழுந்தது. ஹார்வர்ட் தோட்டம் அதன் மையம். கள்ளுக்கடைகளை மூடச் சொல்லி மறியல் செய்தார்கள். 1947-இல் போலீஸ் அடித்து ஒடுக்கியது, உயிர்ச்சேதமும் ஆனது. அந்த ஹார்வர்டின் பெயரில் இன்று பீடோங்கில் ஒரு கோல்ஃப் கிளப் இருக்கிறது.

பெண்களுக்கு? கோயில் திருவிழாவில் அன்னதானம், கல்யாண வீட்டுப் பந்தி, அதிலும் கடைசிப் பந்தி. பெரியம்மாவிடம் கேட்டேன், வெளியே காசு கொடுத்து முதன்முதலில் எப்போது உட்கார்ந்து சாப்பிட்டீர்கள் என்று. யோசித்தார். தாலிக்குத் தங்கம் வாங்கப் பட்டணத்துக்கு வந்த அன்று, ஓர் ஒட்டுக்கடையில் மீ கோரேங். அதற்கப்புறம்? மறுபடி யோசித்தார். “பிள்ளைங்களுக்கு வாங்கிக் குடுத்துருக்கேன். நான் நின்னுக்கிட்டு இருந்துருப்பேன்.”

இனிப் பணக் கணக்குக்கு வருகிறேன். நாங்கள் நான்கு பேர் சாப்பிட்டது 138 ரிங்கிட். அதற்கு மேல் பத்து விழுக்காடு சேவைக் கட்டணம் 13 ரிங்கிட் 80 காசு. ஆக 151.80. இந்தச் சேவைக் கட்டணம் அரசாங்க வரியில்லை, கடை தானாக வைப்பது, போகுமுன் கேட்டுக்கொள்ளலாம். சேவை வரி என்பது தனி. உணவகங்களுக்கு அது 6 விழுக்காடு; ஆண்டு விற்பனை 15 லட்சம் ரிங்கிட்டைத் தாண்டும் கடைகளே அதை வசூலிக்க வேண்டும். நாங்கள் போன சின்னக் கடையில் அது இல்லை. 2025-இல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆனது. 26 நாளுக்கு வகுத்தால் நாளுக்கு ஏறத்தாழ 65. ஆக எங்கள் மேசையில் இரண்டு நாள் உழைப்புக்கு மேல் கரைந்தது. மாதாமாதம் போகிற இடமில்லை, சந்தேகமில்லை. ஆனால் பிள்ளையின் பிறந்தநாளுக்குப் போகிற வீடுகள், அம்மாவின் பிறந்தநாளுக்கும் போகலாமே என்றுதான் கேட்கிறேன்.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹலால் கடைகளில் ‘பேக்கன்’ என்று போட்டிருந்தால் பன்றி இருக்காது, ஆனால் பெரும்பாலும் மாடு இருக்கும். கார்பொனாரா பாஸ்தாவில் அதைத் தூவுவார்கள். சிக்கன் சாப்பின் பழுப்புக் குழம்பைக்கூடச் சில கடைகளில் மாட்டெலும்புச் சாற்றில் காய்ச்சுவார்கள். கோழி என்று நம்பி உட்காராமல், குழம்பு எதில் செய்தது என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை, சமையற்காரருக்கு அது தினமும் வரும் கேள்விதான்.

பில் வருவதற்குள் பெரியம்மா அந்தப் பீடோங் தம்பியைக் கூப்பிட்டு, புட்டிங்கில் எத்தனை முட்டை என்று விசாரித்தார். அவர் உள்ளே போய்க் கேட்டுவந்தார். “ஒரு தட்டுக்கு ஆறு ஆன்ட்டி.” பெரியம்மா தலையாட்டினார். “குக்கு எட்டுப் போடுவாருன்னு எங்கம்மா சொல்லும். அவருக்கிட்ட சொல்லு.” உள்ளேயிருந்து சமையற்காரரே எட்டிப் பார்த்தார். அவரும் தமிழர்; பினாங்கில் ஒரு ஹோட்டலில் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியவராம். எட்டு முட்டை போட்டால் 16 வெள்ளிக்குக் கட்டுப்படியாகாது என்று சிரித்தார். அப்புறம் இருவரும் ரொட்டியை எவ்வளவு நேரம் பாலில் ஊறவைப்பது என்று பேசினார்கள். பெரியம்மா அதைச் செய்ததே இல்லை. ஆனாலும் பாட்டி சொன்ன ஒவ்வொன்றும் அவருக்கு நினைவிருந்தது. சமையற்காரர் தன் கைப்பேசியில் குறித்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

இரண்டு வாரம் கழித்துப் பெரியம்மா போன் செய்தார். தன்னோடு ஒரே பிரட்டில் வேலை செய்த இரண்டு சிநேகிதிகள் இன்னும் அந்தப் பக்கத்துத் தாமானில் இருக்கிறார்களாம். அவர்களை அங்கே கூட்டிப்போக வேண்டும், மூன்று பேருக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டார். பங்கிட்டுச் சாப்பிட ஒரு சிக்கன் சாப், ஒரு ஸ்பகெட்டி, ஒரு புட்டிங், மூன்று தேநீர். சேவைக் கட்டணத்தோடு சேர்த்து 92 ரிங்கிட் 40 காசு என்று கணக்குப் போட்டுச் சொன்னேன்.

“அப்ப தலைக்கு முப்பத்தோரு வெள்ளி. சரி, சேத்து வைக்கிறோம். நீ வராத, கிராப் மட்டும் பிடிச்சுக் குடு.”