ஆனந்தத்தின் முகவரி – 9: நழுவி விழுந்த சுருள்

பரங்கிமலைச் சிலுவையோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம். தொடர்ந்து படிப்பவர்களுக்கு இவ்வளவு ஞாபகப்படுத்தினால் போதும். இந்த வாரம் தாம்பரம், 1938 என்று வாக்குக் கொடுத்திருந்தது உண்மைதான். அதற்குள் பாளையங்கோட்டைப் புலவர் ஒருவர் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

பொழிச்சலூர், பம்மல், அனகாபுத்தூர் பக்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் மாடி அறைகளிலும் தகரக் கூரைகளின் கீழும் நடக்கும் ஜெபக் கூட்டங்களுக்குப் போய்ப் பழகியவர்களுக்கு அந்தக் கேள்வி தெரிந்திருக்கும். பாட்டு முடிந்து, கஞ்சிராவைக் கீழே வைத்து, சாட்சி சொல்ல ஆள் தேடும் நேரத்தில் பாஸ்டர் கேட்பார்: "இரட்சிப்பின் நிச்சயம் உண்டா, சிஸ்டர்?" சிலர் கையை உயர்த்துவார்கள். சிலர் பைபிளின் ரிப்பனைச் சரிசெய்வார்கள். மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானம் ஒன்று தலைக்கு மேல் இரைந்து, பதில் சொல்ல அரை நிமிடம் அவகாசம் தரும்.

கை உயர்த்தாதவர்களைப் பற்றித்தான் இத்தொடருக்கு அக்கறை. கடவுள் அன்பானவர் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே கிடையாது. அந்த அன்பு தன் வீட்டு விலாசத்துக்கும் வருமா என்பதில்தான் தயக்கம்.

பாளையங்கோட்டைக்காரருக்கு வருவோம். எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900). நெல்லைச் சீமை வைணவ வேளாளர் குடும்பம், சிறு வயதிலேயே கம்பராமாயணப் பழக்கம். சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்தபோது கிறிஸ்துவின்பால் மனம் திரும்பி, 1858-இல் சென்னைக்கு வந்து மயிலாப்பூர் தூய தோமா ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்றார். ஹென்றி ஆல்பிரட் என்ற பெயர் அன்று சேர்ந்ததுதான். 'தினவர்த்தமானி' இதழில் சில காலம் வேலை பார்த்தார். ஜான் பன்யனின் 'பில்கிரிம்ஸ் பிராகிரஸ்' கதையைத் தழுவி அவர் பாடிய பெருங்காப்பியம் 'இரட்சணிய யாத்திரிகம்'. இவ்வளவும் பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே இருக்கிறது.

இந்த வாரம் தூக்கத்தைக் கெடுத்த தகவல் வேறு. அந்தக் காப்பியம் முதலில் புத்தகமாக வரவில்லை. 'நற்போதகம்' என்ற மாத இதழில் தொடராக வந்தது, பதின்மூன்று ஆண்டுகளாக! 1878-இல் ஆரம்பித்தபோது ஆசிரியருக்கு ஐம்பது வயது. புத்தகமாகக் கையில் வந்தது 1894-இல். மூவாயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்ட விருத்தங்கள், அதிலும் எதுகை மோனை பிசகாமல். வாரம் எழுநூறு சொல் உரைநடைக்கே அச்சகத்திலிருந்து தொலைபேசி வந்தால் முகம் கறுக்கிறவர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும். முதல் பாடலைப் படித்த வாலிபன் ஒருவனுக்குக் கடைசிப் பாடல் வந்தபோது தலை நரைக்கத் தொடங்கியிருக்கும். இன்னொன்று: பன்யனின் மூல நூல் வெளிவந்தது 1678-இல். சரியாக இருநூறு ஆண்டு கழித்துத் தமிழ்த் தொடர் கிளம்பியிருக்கிறது. திட்டமிட்டதோ, தற்செயலோ!

சரி, நிச்சயம் எங்கே?

பன்யன் சொல்லும் கதையில் முதுகில் மூட்டையோடு ஒருவன் புறப்படுகிறான். சிலுவையடியில் மூட்டை கழன்று உருண்டுவிடுகிறது. ஒளி உடுத்த மூவர் வந்து, முத்திரை போட்ட சுருள் ஒன்றைக் கையில் தருகிறார்கள். மோட்ச வாசலில் காட்ட வேண்டிய சீட்டு அது. வழியில் வாசித்து ஆறுதல் பெறவும் அதுதான். மீனம்பாக்கத்துப் பாஷையில் போர்டிங் பாஸ். அடுத்து ஒரு செங்குத்தான மலை. பாதி உயரத்தில் நிழலான ஒரு பந்தல். உட்கார்ந்தவன் சுருளைப் படித்துக்கொண்டே தூங்கிப்போகிறான். அது கையிலிருந்து நழுவி விழுகிறது. விழுந்ததே அவனுக்குத் தெரியாது. எதிரே சிங்கம் என்று இரண்டு பேர் அலறிக்கொண்டு ஓடி வந்த பிறகுதான் மார்பைத் தடவிப் பார்க்கிறான். காணோம். அழுதுகொண்டே வந்த வழியில் திரும்பி, அதே பந்தலில் இருக்கைக்கு அடியில் கண்டெடுக்கிறான். ஒருமுறை நடக்க வேண்டிய வழியை மூன்றுமுறை நடந்தோமே என்று நொந்துகொள்கிறான். ஆனால் சுருள் மறுபடி கைக்கு வந்ததும் அவனுக்கு வந்த ஆனந்தத்தைச் சொல்ல முடியவில்லை என்கிறார் பன்யன்.

சுருளைத் தொலைத்தவன் யாத்திரிகன் பட்டியலிலிருந்து நீக்கப்படவில்லை. கையுயர்த்தாத சிஸ்டருக்கு முதலில் சொல்ல வேண்டிய செய்தி இதுதான் என்று தோன்றுகிறது.

பன்யனுக்கு இது கற்பனையில் உதித்ததல்ல. ஓட்டைப் பாத்திரம் அடைக்கும் தொழில் செய்தவர். அனுமதியின்றிப் பிரசங்கம் செய்ததற்காக 1660 முதல் பன்னிரண்டு ஆண்டுகள் பெட்ஃபர்ட் சிறையில் கிடந்தவர். அங்கிருந்தபடியே 1666-இல் வெளியிட்ட தன்வரலாற்றில், சிறைக்கு முந்தைய தம் நரகத்தை விவரிக்கிறார்: 'கிறிஸ்துவை விற்றுவிடு' என்று மனதுக்குள் ஓயாத ஒரு குரல், ஒருநாள் தாம் இணங்கிவிட்டதாக ஓர் எண்ணம், பிறகு நீண்ட காலப் பயம். கலாத்தியருக்கு லூத்தர் எழுதிய விளக்கவுரை, தொட்டால் உதிரும் பழம்பிரதி, கையில் கிடைத்தபோது தம் நெஞ்சையே அந்த மனிதர் எழுதிவைத்திருப்பதாக உணர்ந்தார். கடைசியில் ஒரு வயல்வெளியில் நடந்து போகும்போது தெளிவு பிறந்தது. தம்முடைய நீதி தமக்குள் இல்லை, பரலோகத்தில் கிறிஸ்துவாகவே இருக்கிறது. தாம் உற்சாகமாக இருப்பதால் அது கூடுவதில்லை, சோர்ந்துபோவதால் குறைவதுமில்லை. காலில் கட்டிய சங்கிலி அன்று கழன்றதாக எழுதுகிறார்.

கிருஷ்ணபிள்ளை இதைப் பிடித்துக்கொண்ட விதம் அழகானது. பன்யன் சிலுவைக் காட்சியைச் சில வரிகளில் கடந்துபோகிறார். கம்பனில் ஊறியவருக்கு அது எப்படிப் போதும்? 'இரட்சணிய சரிதப் படலம்' என்று தனியாக ஒன்றை வைத்து, கிறிஸ்துவின் பாடுகளை நின்று நிதானமாகப் பாடுகிறார். யாத்திரிகனின் நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட, அவனுக்காக அடிபட்டவரின் முகத்தைக் காட்டிவிடுவது அவர் வழி. கதையை நிறுத்திப் பதிகங்களும் பாடுகிறார். அவற்றுக்குத் தேவாரம் என்று பெயர். பிறந்தது வைணவம், சேர்ந்தது கிறிஸ்தவம், பாட்டுக்குப் பெயர் சைவத்திலிருந்து! இந்தச் சுதந்திரத்தைப் பற்றி ஓர் அத்தியாயமே எழுதலாம். பக்க வடிவமைப்பாளர் ஏற்கெனவே முறைக்கிறார்.

ஆகவே தாம்பரம் அடுத்த வாரம். அதற்குள் இதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: 1938 டிசம்பரில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில் கூடிய அந்த உலக மிஷனரி மாநாடு, சீனாவின் ஹாங்சோவில் நடக்க வேண்டியது. ஜப்பான் படையெடுத்ததால் இடம் மாறி, கல்லூரி குடியேறி இரண்டு வருடம்கூட ஆகாத தாம்பரத்துக்கு வந்தது. சண்டையில் இருந்த அந்த இரு நாட்டுக் கிறிஸ்தவர்களும் இங்கே ஒரே கூரையின் கீழ் ஜெபித்தார்கள். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களில் ஆல்பர்ட் லுத்துலி என்ற ஜூலு தலைவரும் ஒருவர். 1960-ஆம் ஆண்டுக்கான அமைதி நோபல் பெற்றவர் அவரேதான்.

(தொடரும்)